உண்ணாவிரதப் பந்தலில் ஓர் அடுப்பு

கிராம்பு கருகினால் மற்றவர்களுக்குக் கல்யாண வீடு நினைவுக்கு வரும். எனக்கு ஜகார்த்தா நினைவுக்கு வருகிறது. நான் போயே இராத ஜகார்த்தா.

போன வாரம் கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் குல்சார் அக்கா தன் தள்ளுவண்டியில் பிரிஞ்சி அண்டாவின் மூடியைத் தூக்கினார். அடிப்பிடித்திருக்க வேண்டும். பட்டை, கிராம்பு, அவற்றின் முதுகில் ஏறிக்கொண்டு மெல்லிய கருகல். மின்சார ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த நான் நின்றுவிட்டேன். ரயில் போய்விட்டது. போகட்டும். ஒரு ரயிலுக்குப் பதிலாக ஒரு முழுக் காலை திரும்பி வந்தது.

அந்தக் காலையில் பனி இன்னும் வயலை விட்டு எழுந்திருக்கவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து தொழிற்சாலைக்குப் பிரியும் முனையில், வேப்பமரத்தடியில் ஒரு சாமியானா. அதன் நெற்றியில் கொட்டை எழுத்தில் பேனர்: 'ஒரு நாள் அடையாள உண்ணாவிரதப் போராட்டம்.'

பேனருக்கு நேர் கீழே, கல் அடுப்பு. அடுப்பின் மேல் ஆள் உட்கார்ந்து குளிக்கிற அளவுக்கு ஓர் அண்டா. அதற்குள் வெங்காயம் பொன்னிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. நீளக் கரண்டியைத் துடுப்புப் போலப் பிடித்துக்கொண்டு, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு நின்றாள் ரத்னா, இந்தோனேசியாவிலிருந்து வந்திருந்த என் விருந்தாளி.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"வாங்க காக்கா. முதல் ஆள் நீங்கதான். பசிக்குதா?"

நான் பேனரைப் பார்த்தேன். அண்டாவைப் பார்த்தேன். மறுபடி பேனரைப் பார்த்தேன். ரத்னாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்பது அந்த நொடியில்தான் எனக்கு முழுசாக உறைத்தது.

கோயிலும் வேண்டாம், கடலும் வேண்டாம்

ரத்னா யார் என்று சொல்லிவிடுகிறேன்.

வருஷத்துக்கு ஒரு வேலை மாற்றுகிற என் கால்கள் அப்போது மொழிபெயர்ப்பில் வந்து நின்றிருந்தன. சென்னையில் பல நாட்டுத் தொழிலாளர் பெண்கள் கூடிய ஒரு கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். காதில் ஒரு கருவி, வாயில் இரண்டு மொழி, கையில் ஆறிய காப்பி. அங்கேதான் அவளைப் பார்த்தேன். சுமத்ராவின் மேடான் நகரத்துக்காரி. அவள் முன்னோர் எப்போதோ புகையிலைத் தோட்ட வேலைக்கென்று கப்பல் ஏறிய தமிழர்கள். அப்பா வீட்டில் பேசிய தமிழை அவள் ஒரு பழைய சட்டை போல, இடம் இடமாய் ஒட்டுப்போட்டு, விடாமல் அணிந்திருந்தாள்.

மரியாதைக்குரிய பெண் யாராக இருந்தாலும் அவளுக்குக் காக்காதான். அவர்கள் மொழியில் அக்காவுக்கும் அண்ணனுக்கும் அதுவே சொல். நம் ஊரில் வேறு யாராவதாக இருந்தால் சிரித்திருப்பார்கள். என் சிநேகிதி தேவிகா சிரிக்கவில்லை. பழவேற்காட்டு முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்தவள் அவள். கடல் தாண்டினாலும் உறவுமுறை ஒன்றுதான் என்று முடித்துவிட்டாள்.

கூட்டம் முடிந்து விமானத்துக்குச் சில நாள் இருந்தது. மற்றவர்கள் மாமல்லபுரம் கிளம்பினார்கள். ரத்னா என் கையைப் பிடித்துக்கொண்டு, கோயிலும் வேண்டாம், கடலும் வேண்டாம், உங்கள் தொழிற்சாலைகள் எங்கே இருக்கின்றனவோ அங்கே கூட்டிப்போங்கள் என்றாள். என்னைப் போலவே இவளுக்கும் காலில் சக்கரம். கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏற்றி, நானும் ஏறிக்கொண்டேன்.

அத்திப்பட்டில் ஒரு சொந்தக்காரன்

அத்திப்பட்டு வந்தபோது ஜன்னலில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் எழுந்தன. ரத்னா எட்டிப் பார்த்தாள். அங்கே எரிகிற நிலக்கரியில் கொஞ்சம் உங்கள் நாட்டிலிருந்து கப்பலில் வருவது என்று சொன்னேன். அவள் கண்ணாடியில் படிந்திருந்த தூசியை விரலால் தொட்டு, விரலையே சிறிது நேரம் பார்த்தாள்.

"அப்போ இவன் நமக்குச் சொந்தக்காரன்" என்றாள்.

காலிமந்தான் தீவில் காடு இருந்த இடத்தில் இப்போது எத்தனை பெரிய குழிகள், அந்தக் குழிகளுக்காக நிலம் விட்ட ஊர்கள் எப்படி எதிர்த்து நிற்கின்றன என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நானோ என் வீட்டு மின்விசிறியை நினைத்துக்கொண்டேன். அது சுழல்வதும், ரேஷன் பாமாயிலில் என் அப்பளம் பொரிவதும் அந்தத் தீவுகளின் தயவில் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. நாம் ஒரு நாட்டைத் தினமும் எரித்துக்கொண்டும் பொரித்துக்கொண்டும் இருந்துவிட்டு, அதன் பெயரைச் செய்தியில் கேட்டால் வரைபடத்தைத் தேடுகிறோம்.

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவில் அவள் தன் நாட்டின் கதையைச் சொன்னாள். அரசியல் கதையைச் சமையல் குறிப்புப் போலச் சொல்கிற பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவள் பள்ளிக்கூடம் போகிற வயதில், முப்பது வருஷத்துக்கும் மேலாக நாட்டைப் பிடித்து வைத்திருந்த ராணுவத்துக்காரர் இறங்கினார். மாணவர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தின் கூரை மீதே ஏறி உட்கார்ந்திருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தாளாம். பிறகு தேர்தல், பத்திரிகை, சங்கம் எல்லாம் கதவைத் திறந்துகொண்டு வந்தன. அவளும் வளர்ந்து, ஜகார்த்தாவுக்குக் கிழக்கே உள்ள தொழிற்பேட்டையில் சர்க்யூட் பலகை ஒட்டும் வேலைக்குப் போனாள். சங்கத்தில் சேர்ந்தாள். வேலை போனது. சங்கமே வேலையானது.

"கதவு திறந்தாச்சுன்னு நாங்க தூங்கிட்டோம் காக்கா. கதவு தானா மெல்ல மெல்லச் சாத்திக்குது" என்றாள்.

கொரோனாக் காலத்தில், பல சட்டங்களை ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு பெரிய சட்டம் வந்தது. ஒப்பந்த வேலையை நீட்டவும், வேலையை விட்டு அனுப்புவதை எளிதாக்கவும் அதில் வழி இருந்தது. முகக்கவசத்தோடு தொழிலாளர்களும் மாணவர்களும் சேர்ந்தே தெருவுக்கு வந்தார்கள். அப்புறம் ஒரு தேர்தல். முன்னாள் தளபதி ஒருவர் அதிபரானார். பதவி முடிந்து போகிறவரின் மகன் துணை அதிபரானார். அதைச் சொல்லும்போது அவள் புருவம் மட்டும் உயர்ந்தது. நம் ஊர்க்காரியான எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை என்பதைப் புரிந்துகொண்டு சிரித்தாள். ராணுவத்தில் இருந்தபடியே அரசாங்க நாற்காலிகள் இன்னும் பலவற்றில் உட்காரலாம் என்று சட்டம் திருத்தப்பட்டபோது, மாணவர்கள் கறுப்பு உடையில் வந்தார்களாம்.

அவளுக்குப் பிடித்தது வியாழக்கிழமைதான். காணாமல் போனவர்களுக்கும் கொல்லப்பட்டவர்களுக்கும் நியாயம் கேட்டு, அதிபர் மாளிகைக்கு எதிரே வாரா வாரம் வியாழக்கிழமை கறுப்புக் குடையோடு வந்து நிற்பார்கள். பல வருஷமாக. ஆட்சி மாறும், குடை மாறாது. ஜகார்த்தாவில் இருந்தால் ரத்னாவும் போய் நிற்பாள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தின் கடைசி முனைக்குப் போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தாள். நான் நாலாபக்கமும் பார்த்தேன். என் பதற்றம் பதற்றமாய் இருக்க, காற்றில் கிராம்பு மணந்தது. புகையிலையோடு கிராம்பைக் கலந்து சுருட்டுவது அவர்கள் வழக்கம். கிராம்பு நெருப்பில் பொரிகிற சின்னச் சத்தம்தான் அந்தச் சிகரெட்டின் பெயரே: கிரெ-டெக். முறுக்கு விற்றுக்கொண்டு போன அம்மாள் மூக்கை உறிஞ்சி, யாரோ பிரியாணிக்குத் தாளிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். என் மானம் தப்பித்தது.

ரோஜா நிறம், பச்சை நிறம்

தேவிகாவை முதலில் பார்த்தபோது ரத்னா ஓடிப்போய் அவள் மேல்கோட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

தேவிகா என் சிநேகிதி என்றேனே. காருக்குள் போகிற வயர்க் கற்றைகளைக் கட்டுகிற தொழிற்சாலையில் வேலை. ஊர், பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். அந்தக் கம்பெனியில் பெண்களுக்கு ரோஜா நிறத்தில் மேல்கோட்டு. அதைத்தான் ரத்னா தொட்டாள்.

காரணத்தைக் குல்சார் அக்காவின் வண்டியருகே, பிரிஞ்சித் தட்டுக்கு மேல் சொன்னாள். அதற்கு முந்தைய ஆகஸ்டில், சனங்கள் விலைவாசியில் திணறிக்கொண்டிருந்தபோது, எம்.பி.க்களுக்குப் பெரிய வீட்டுப்படி கொடுத்திருந்த சேதி வெளிவந்தது. ஊர் கொதித்தது. அந்தக் கலவரத்தில், பைக் டாக்சி ஓட்டுகிற ஓர் இளைஞன் போலீசின் கவச வண்டி ஏறிச் செத்துப்போனான். அதன்பின் ஜகார்த்தா மட்டுமல்ல, தீவு தீவாகத் தெருவுக்கு வந்தது. ரோஜா நிற முக்காடு அணிந்த ஒரு பெண் போலீஸ் வரிசைக்கு எதிரே தனியாக நின்றார். ரோஜா நிறம் துணிச்சலுக்கு நிறமானது. பைக் டாக்சிக்காரர்களின் சட்டை பச்சை. அதுவும் சேர்ந்துகொண்டது. நாடே தன் படங்களுக்கு அந்த இரண்டு நிறத்தையும் பூசிக்கொண்டது. படி ரத்தானது. மந்திரிகள் சிலர் மாறினார்கள். ஆனால் போலீஸ் பிடித்துக்கொண்டு போன பையன்கள் பலர் உள்ளேயே இருந்தார்கள் என்று சொல்லும்போது அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

பிறகு அவளே மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு நடந்திச்சு காக்கா. மலேசியாலேர்ந்து, தாய்லாந்துலேர்ந்து, பிலிப்பைன்ஸ்லேர்ந்து யார் யாரோ அவங்க போன்ல எங்க ஊரு சாப்பாட்டுக் கடைல ஆர்டர் போட்டாங்க. யாருக்குன்னு கேட்டா, கொண்டு வர்ற பைக்காரத் தம்பிக்கேதான்னு எழுதியிருந்தாங்க. நீயே சாப்பிடு, தெருவுல நிக்கிறவங்களுக்கும் குடுன்னு."

தேவிகா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். முகம் தெரியாதவர்களுக்கா என்று கேட்டாள். முகம் தெரியாதவர்களுக்கு என்றாள் ரத்னா. அந்தப் பொட்டலங்களில் இரண்டை அவளும் கையில் வாங்கியிருக்கிறாள். அதை அவள் எங்கேயோ திருப்பித் தரவேண்டியவள் போலப் பேசினாள். எங்கே தரப்போகிறாள் என்பது எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

தேவிகாவின் பஸ்

இங்கே தேவிகாவின் கதை வருகிறது. இல்லாவிட்டால் அண்டா எதற்கென்று புரியாது.

கம்பெனி பஸ் ஒன்று பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பங்கள் வரை வந்து பெண்களை ஏற்றிப்போகும். அடுத்த மாதத்திலிருந்து அது வராது, பொன்னேரி வரை நீங்களே வந்துவிடுங்கள் என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். காலை ஷிப்டு பொழுது விடிவதற்குள் ஆரம்பம். அந்த நேரத்துக்குக் குப்பத்திலிருந்து எந்த அரசு பஸ்ஸும் இல்லை. பஸ்ஸை நிறுத்துவதும் வேலையை நிறுத்துவதும் அந்தப் பெண்களுக்கு ஒன்றுதான்.

தேவிகா அவள் குப்பத்திலிருந்து அந்தக் கம்பெனிக்குப் போன முதல் பெண். முதலில் வீட்டில் ஒருவருக்கும் சம்மதமில்லை. இவள் போன பிறகுதான் மற்ற வீட்டுக் கதவுகள் திறந்தன. இப்போது லைனுக்குத் தலைமை ஏற்கும் வேலைக்கு அவள் பெயர் போயிருந்தது.

"பஸ் நின்னா நான் மட்டும் நிக்கமாட்டேன்க்கா. எனக்குப் பின்னாடி வந்த பொண்ணுங்கள எல்லாம் ஊட்ல உக்கார வெச்சிடுவாங்க. அப்பவே சொன்னேனேன்னு ஒரு பேச்சு வரும் பாரு, அதான் பேஜாரு" என்றாள்.

சங்கம் நடத்துகிறவர் நைனா. ஆரம்பாக்கத்துக்காரர். லேத் பட்டறையில் காலம் கழித்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், மேடையில் இரண்டும். அவருக்குப் போராட்டம் என்றால் உண்ணாவிரதம்தான். காலையில் உட்கார வேண்டும், மாலையில் பெரிய மனிதர் யாராவது எலுமிச்சைச் சாறு கொடுத்து முடித்துவைக்க வேண்டும். நடுவில் தண்ணீர் மட்டும். அதற்கென்றே ஒரு வெள்ளை வேட்டி வைத்திருக்கிறார். போலீசில் அனுமதியும் வாங்கிவிட்டார்.

முந்தின நாள் சாயங்காலம் ரத்னாவிடம் நாங்கள் சொன்னது இவ்வளவே: நாளை பெண்கள் தொழிற்சாலை முன்னால் காலையிலிருந்து மாலை வரை உட்காரப்போகிறார்கள். சாப்பிடமாட்டார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. மழை மேலிருந்துதான் பெய்யும் என்று யாராவது விருந்தாளிக்குச் சொல்வார்களா?

அவள் நாட்டில் தொழிலாளிகள் கேட் முன்னால் உட்கார்ந்தால் முதலில் போடுவது சமையல் கூடாரம். அதற்கே பொதுச் சமையலறை என்று தனிப் பெயர் உண்டு. அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் சோற்றை இலையில் மடித்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். லாரியின் மேல் பாட்டுப்பெட்டி வைத்து, கோஷத்துக்கும் கோஷத்துக்கும் நடுவில் ஆடுவார்கள்.

அன்று மாலை அவள் தேவிகாவிடம் சென்னாக்குன்னி வேண்டும் என்று கேட்டாள். பொடி இறால் கருவாடு, பழவேற்காட்டில் பெயர்போனது. ஊருக்கு எடுத்துப்போகத்தான் என்று தேவிகா நினைத்து ஒரு பை நிறையக் கொடுத்தாள். குல்சார் அக்காவிடம் ரத்னா ராத்திரியே சோறு வடித்து ஆறவைக்கச் சொல்லியிருந்தாள். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து அக்கா அண்டாவையும் கொடுத்தார்.

நைனாவின் வேட்டி

அப்படித்தான் அந்தக் காலை வந்தது.

நான் ரத்னாவுக்கு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நைனா வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் மைக். அடுப்பைப் பார்த்தவர் முதலில் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்காரர்கள் இடம் மாறிவிட்டார்கள் என்றே நினைத்தார்.

"இன்னாம்மா இது. உண்ணாவிரதப் பந்தல்ல தாளிச்சிக்கினு கீறீங்க? ஊரே வாயால சிரிக்காது."

ரத்னாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அவள் முகத்திலிருந்து வெளிச்சம் இறங்கியதை நான் பார்த்தேன். அண்டாவை இறக்கிவிடுகிறேன், வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறேன் என்று தழைந்த குரலில் சொன்னாள். சாமியானாவுக்குள் வந்து சேர்ந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சென்னாக்குன்னி எண்ணெயில் விழுந்த வாசனை அப்போதுதான் எழுந்தது. உதவிக்கு வந்து சேர்ந்த குல்சார் அக்கா வேறு, கைப்பழக்கத்தில் பட்டை, கிராம்பை அள்ளிப் போட்டுவிட்டார். நாசி கோரெங் என்பது அவர்கள் ஊர் வறுத்த சோறு. அதில் கிராம்பு கிடையாது. அன்றைக்குச் சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்து எஸ்.ஐ. அம்மாவின் ஜீப் வந்து நின்றது. உண்ணாவிரதத்துக்குத்தானே அனுமதி, இது என்ன என்று கேட்டார். நியாயமான கேள்வி. இடத்தையே காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். பந்தல் போனால் பஸ்ஸும் போன மாதிரிதான்.

 தேவிகா நிதானமாக எழுந்து, அடுப்புக்கும் சாமியானாவுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

பழவேற்காடு ஏரியில் எல்லோரும் எல்லா நாளும் எல்லா இடத்திலும் வலை போட முடியாது. இறால் நன்றாகப் படுகிற இடங்களுக்கு முறை உண்டு. இன்று இவர்களுக்கு இந்த இடம், நாளை அவர்களுக்கு. அதற்குப் பாடு என்று பெயர். ஒருவர் பாட்டில் இன்னொருவர் இறங்கமாட்டார். சண்டை இல்லாமல் ஓர் ஏரியைப் பங்கிட்டுக்கொள்கிற ஏற்பாடு. தேவிகா அதைத்தான் கரைக்கு இழுத்து வந்தாள்.

"நைனா, எங்க ஏரில பாடு வெக்கிற மாதிரி வெச்சிக்கலாம். பந்தல் ஒரு எடம், அடுப்பு ஒரு எடம். இன்னிக்கி பட்டினிப் பாடு உனுக்கு வந்துகீது. அடுப்புப் பாடு எங்களுக்கு. நீ எங்க எடத்துல எறங்காத, நாங்க உன் எடத்துல எறங்கமாட்டோம்."

பந்தலே சிரித்தது. நைனா மட்டும் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். தேவிகா எஸ்.ஐ. பக்கம் திரும்பி, உண்ணாவிரதம் இருக்கிறவர்கள் அதோ இருக்கிறார்கள், வாய் வைத்தால் கேளுங்கள், இந்தச் சோறு பார்க்க வருகிறவர்களுக்கு என்றாள். அடுப்பை ரோட்டிலிருந்து தள்ளி, மரத்துக்குப் பின்னால் வைத்துவிடுகிறோம் என்றும் சொன்னாள். எஸ்.ஐ. அடுப்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தைக் கண்ணால் அளந்தார். ரோடு மறிபடக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு, காற்று வராத பக்கமாகப் போய் நின்றார்.

"வெள்ளிக்கிழமை விரதம்மா எனக்கு. இந்த வாசனைய வெச்சிக்கினு நான் எப்பிடி டூட்டி பாக்கறது" என்று அவர் கான்ஸ்டபிளிடம் அலுத்துக்கொண்டது எல்லோர் காதிலும் விழுந்தது.

நைனாவும் இன்னும் சில ஆண்களும் உண்ணாவிரதத்தில் உட்கார்ந்தார்கள், அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அந்த மாவட்டத்தில் அவ்வளவு கடினமான உண்ணாவிரதம் அதற்கு முன் நடந்திருக்காது.

மிஞ்சிய சோறு

முதலில் லாரிக்காரர்கள் நிறுத்தினார்கள். பிறகு பக்கத்து இரும்பு உருக்கு ஆலையில் வேலை செய்யும் ஒடிசா, பீகார்ப் பையன்கள். நம் கூட்டங்களில் அவர்கள் நின்று நான் பார்த்ததே இல்லை. தமிழில் மைக் முழங்கினால் அவர்களுக்கு என்ன இருக்கிறது? தட்டு மொழி கேட்பதில்லை. சாப்பிட்டவர்கள் இது எதற்கென்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில் பஸ் கதையைச் சொன்னேன். அவர்களுக்கும் ஒரு பஸ் கதை இருந்தது. அங்கேயே, நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மத்தியானம்தான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. சாப்பாட்டு மணி அடித்ததும், உள்ளே வேலையில் இருந்த பெண்கள் கேண்டீனுக்குப் போகவில்லை. கேட்டைத் தாண்டி வந்தார்கள். ரோஜா நிறம் வரிசை வரிசையாகச் சாலையில் நடந்து வந்ததை ரத்னா கரண்டியோடு நின்று பார்த்தாள். அவள் எங்கே பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. நடுவில் ஒரு கடல் இருந்தது, அவ்வளவே.

யாரும் வேலைநிறுத்தம் செய்யவில்லை. இடைவேளை முடிவதற்குள் கையைக் கழுவிக்கொண்டு எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். ஆனால் கேண்டீனில் வடித்த சோறு வடித்தபடி இருந்தது. சாம்பாரில் ஆடை கட்டியது.

நைனா மட்டும் மாலை வரை பட்டினி கிடந்திருந்தால் உள்ளே யாருக்கும் ஒரு பருக்கை கூடக் குறைந்திருக்காது. மிஞ்சிய சோறு வேறு கணக்கு. பட்டினியைப் பார்க்காமல் இருந்துவிடலாம், மிஞ்சிய சோற்றைப் பார்க்காமல் இருக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் பணியாளர் பிரிவு அதிகாரி தானே நடந்து வெளியே வந்தார்.

அதட்டத்தான் வந்தார் என்று அவர் நடையிலேயே தெரிந்தது. ஆனால் ரத்னாவுக்கு வந்தவர் யார் என்று தெரியாது. வருகிறவருக்குத் தட்டு கொடுப்பது மட்டும் தெரியும். கொடுத்தாள். அவரும் ஏதோ நினைவில் வாங்கிவிட்டார். கையில் தட்டோடு நிற்கிற மனிதனால் யாரையும் அதட்ட முடியாது. அது உடம்புக்கே வராது. ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் அப்படி. பிறகு மெதுவாக, சங்கத்திலிருந்து இரண்டு பேர் உள்ளே வாருங்கள், பேசலாம் என்றார்.

நைனாவும் தேவிகாவும் போனார்கள். வெயில் சாய்ந்த பிறகு திரும்பினார்கள். காலை ஷிப்டுக்குப் பஸ் பழையபடி குப்பம் வரை வரும். இரவு ஷிப்டுக்கு இப்போதைக்கு முடியாது. இரவு பஸ் வரும்வரை குப்பத்துப் பெண்களுக்குக் காலை ஷிப்டு மட்டும். எழுத்தில் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

பந்தலில் கைதட்டினார்கள். தேவிகா கைதட்டவில்லை. பாதி பஸ்தான் வந்திருக்கிறது, மீதிப் பாதிக்கு இன்னொரு நாள் அடுப்பு மூட்ட வேண்டும் என்றாள். ஆனால் சொல்லிவிட்டு, சாமியானாக் கம்பத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள். அந்த முகத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

உண்ணாவிரதத்தை முறைப்படி முடித்துவைக்கப் பெரிய மனிதர் யாரும் வரவில்லை. ரத்னாவே எலுமிச்சைச் சாறு கலந்து நைனாவிடம் நீட்டினாள். அவர் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். மரத்துப் பக்கம் முதல்முறையாகத் திரும்பினார்.

"ஏம்மா, அதுல கொஞ்சம் மீதி கீதா?"

அடிப்பிடித்தது மட்டும் இருந்தது. குல்சார் அக்கா தோசைத் திருப்பியால் சுரண்டிக் கொடுத்தார். கருகிய சோறு, கருகிய இறால், கருகிய கிராம்பு. நைனா வெள்ளை வேட்டியில் சிந்தியதைக்கூடப் பார்க்காமல் சாப்பிட்டார். போன வாரம் ஸ்டேஷன் ரோட்டில் என்னை நிறுத்திய வாசனை அதுதான்.

முதல் ரயில்

சனிக்கிழமை விட்டு, ஞாயிறும் விட்டு, திங்கட்கிழமை விடியற்காலையில் ரத்னாவை ரயில் ஏற்ற கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் போனேன். அவள் பெட்டியில் சென்னாக்குன்னி, குல்சார் அக்கா கட்டிக்கொடுத்த மசாலா, நைனா போர்த்திய சங்கத்துத் துண்டு. சுங்கத்தில் என்ன சொல்வாய் என்று கேட்டேன். சொந்தக்காரர்கள் கொடுத்தது என்று சொல்வாளாம்.

தேவிகா வருவாள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஷிப்டுக்குப் போகிற நாள். ஆனால் சாலையில் கம்பெனி பஸ் வந்து நின்றது. அதிலிருந்து ரோஜா நிறக் கோட்டோடு இறங்கி, டிரைவரிடம் இரண்டு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு, ஓடி வந்தாள். பஸ் ஜன்னல்களில் தலைகள். குப்பத்துப் பெண்கள் கையை ஆட்டினார்கள். ரத்னா அந்தப் பஸ்ஸைக் கண்ணால் தடவினாள்.

ரயில் வந்தது. பேச நேரமில்லை. ரத்னா படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தேவிகாவுக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. வாங்கிய சோற்றுக்கு அவளால் என்ன தர முடியும் என்று மூன்று நாளாக யோசித்திருக்கிறாள் போல.

"மறுபடி உங்க ஊர்ல ரோட்ல எறங்கனீங்கன்னா ஒரு போன் போடு. உங்களுக்கோசரம் இங்க நாங்க ஒரு நாள் சாப்புடாம உக்கார்றோம்."

ரயில் நகரத் தொடங்கியது. ரத்னா சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சத்தத்தை மீறிக் கத்தினாள்.

"வேணாம் காக்கா. நல்லா சாப்பிட்டுட்டுக் கத்துங்க. அங்க வரைக்கும் கேக்கணும்."